கொயினாவுக்கு யார் பணம் கொடுப்பது?



மலேரியா என்றதும் படித்தவர்கள் ரொனால்டு ராஸின் பெயரைச் சொல்வார்கள். 1897ல் சிக்கந்தராபாத்தில் கொசுவின் வயிற்றிலே கிருமியைக் கண்டவர் அவர். அந்தப் பெருமை அவருக்கு உரியதுதான். ஆனால் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டவர் வேறொருவர்: இத்தாலி தேசத்து டாக்டர் ஆஞ்செலோ செல்லி.

1857ல் பிறந்த செல்லி, ரோம் சர்வகலாசாலையில் சுகாதாரப் பேராசிரியராக இருந்தவர். மலேரியாக் கிருமிக்கு 1885ல் 'பிளாஸ்மோடியம்' என்று பெயரிட்டவர்கள் அவரும் மார்க்கியாஃபாவா என்ற விஞ்ஞானியும்தான்.

ரோம் நகரைச் சுற்றியிருந்த சமவெளியெங்கும் பெரும் பண்ணைகள். நிலப்பிரபுக்களின் வாசமோ நகரத்தில். அறுப்புக் காலம் வந்தால் மலைக் கிராமங்களிலிருந்து மேஸ்திரிகள் கூலி ஜனங்களைத் திரட்டி வருவார்கள். மேஸ்திரியின் கமிஷன் எப்படிப்பட்டதென்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டுமா? ஜனங்களுக்குப் படுக்கை வைக்கோல் குடிசையில். அறுப்பும் கொசுவும் ஒரே பருவத்தில்!

1899ல் செல்லி ரயில்வே தொழிலாளர் வீடுகளின் கதவுக்கும் ஜன்னலுக்கும் கம்பி வலை அடித்துப் பார்த்தார். வலைக்குள் இருந்தவர்களைக் காய்ச்சல் அதிகம் அண்டவில்லை. நல்ல செய்திதான். ஆனால் வலை அடிக்க முதலில் வீடு வேண்டுமே! வைக்கோல் குடிசைக்கு ஏது ஜன்னல்?

காய்ச்சலுக்கு மருந்து இருந்தது, கொயினா. அதன் விலைதான் கூலிக்காரனுக்கு எட்டவில்லை. 1892ல் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த செல்லி அங்கே இதைக் கிளப்பினார். அவரும் சகாக்களும் போராடியதன் பலனாக 1900 டிசம்பரில் சட்டம் வந்தது. உப்பும் புகையிலையும் விற்கும் கடைகளிலேயே, சர்க்கார் நிர்ணயித்த விலைக்குக் கொயினா கிடைத்தது. 1901ல் இன்னொரு சட்டம்: மலேரியாப் பிரதேசத்துத் தொழிலாளிக்குக் கொயினா இலவசம், செலவு நிலச்சொந்தக்காரன் தலையில்!

நிலப்பிரபுக்கள் சும்மா இருப்பார்களா? பணம் கட்ட மறுத்தார்கள், இழுத்தடித்தார்கள். இன்னொரு தடையும் இருந்தது. ஏழைகளுக்குச் சர்க்கார் விஷம் கொடுக்கிறது என்று விவசாயிகளே மாத்திரையைத் துப்பினார்கள். நகரத்துக் கனவான்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். நாம் சிரிக்க மாட்டோம். வரிக்கும் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கவும் மட்டுமே தங்களைத் தேடி வந்த சர்க்காரின் கையிலிருந்து மருந்தை யார் நம்பி விழுங்குவார்கள்?

செல்லிக்கு இது புரிந்தது. மாத்திரையோடு எழுத்தும் போக வேண்டும் என்றார். ஜெர்மனியில் பிறந்த நர்ஸான அவர் மனைவி அன்னாவும், எழுத்தாளர் சிலரும் சேர்ந்து குடிசைகளுக்கு நடுவிலேயே பள்ளிக்கூடம் நடத்தினார்கள். பகலெல்லாம் மண்வெட்டி பிடித்த கை மாலையில் எழுதுகோல் பிடித்தது.

1900ல் இத்தாலியில் மலேரியாவுக்குப் பலியானோர் சுமார் 15,000 பேர். 1914ல் சுமார் 2,000 பேர். கொயினா மட்டுமே இதைச் சாதித்ததென்று நாம் சொல்லவில்லை. அது நோயாளியின் உயிரைக் காத்தது. கொசுவையும் குடிசையையும் தொடவில்லை.

1914 நவம்பரில் செல்லி காலமானார். அடுத்த ஆண்டு இத்தாலி யுத்தத்தில் இறங்கியது. டாக்டர்கள் போர்முனைக்குப் போனார்கள். கொயினாவுக்குத் தட்டுப்பாடு வந்தது. காய்ச்சல் மறுபடி வயலுக்குத் திரும்பியது. மலேரியா ஒழிந்த நாடென்று இத்தாலியை உலக சுகாதார ஸ்தாபனம் ஏற்றுக்கொண்டது 1970ல்தான்.