ஆபரேஷனோடு முடிந்துவிடுவதில்லை

(பெற்றோர், உபாத்தியாயர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இருதயக் கோளாறோடு பிறந்த குழந்தைக்கு ஆபரேஷன் ஆகிவிட்டால், "இனிக் கவலையில்லை" என்று நாம் பெருமூச்சு விடுகிறோம். அந்தக் குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போகிறது. பாடத்தில் கருத்து நிற்கவில்லை. சொன்ன வேலையைப் பாதியில் விட்டுவிடுகிறது. தொட்டதற்கெல்லாம் கோபம். "அடங்காத பிள்ளை" என்று பள்ளிக்கூடத்தில் அடி விழுகிறது. வீட்டிலோ, "தாய் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்" என்ற பேச்சு. இது அநியாயம் மட்டுமல்ல, விஞ்ஞானத்துக்கே புறம்பானது. இதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

ஏறக்குறைய நூறு குழந்தைகளில் ஒன்று இருதயக் கோளாறோடு பிறக்கிறது. கோளாறு கடுமையாயிருந்தால் பிழைப்பதே அரிதாக இருந்த காலம் உண்டு. 1944 நவம்பர் 29-ந் தேதி, அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் 'நீலக் குழந்தை' ஆபரேஷன் நடந்தது. யோசனை தந்தவர் டாக்டர் ஹெலன் டாசிக். கத்தி பிடித்தவர் டாக்டர் ஆல்பிரட் பிளாலக். முறையைச் சோதித்து வகுத்து, அன்று பிளாலக்கின் பின்னால் நின்று வழி சொன்னவர் யார்? விவியன் தாமஸ் என்ற கறுப்பினத் தொழிலாளி! தச்சு வேலை செய்தவர். டாக்டர் பட்டம் இல்லாதவர். ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்த காலத்தில், துப்புரவுத் தொழிலாளி என்ற கணக்கில்தான் அவருக்குக் கூலி கொடுத்தார்கள்.

இப்படிப் பலருடைய உழைப்பால் குழந்தைகள் பிழைத்தார்கள். பிழைத்தவர்கள் பள்ளிக்கூடம் சென்றபோதுதான் அடுத்த கேள்வி எழுந்தது.

பாஸ்டன் நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் 1988-ல் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. இருதயத்தின் இரு பெரிய ரத்தக் குழாய்கள் இடம் மாறிப் பிறந்த 171 சிசுக்களுக்கு ஆபரேஷன் செய்து, தொடர்ந்து கவனித்து வந்தார்கள். 16 வயதில் அவர்களைப் பரிசோதித்து, முடிவை 2011-ல் வெளியிட்டார்கள். பரிசோதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்குப் படிப்பிலோ நடத்தையிலோ தனி உதவி தேவைப்பட்டிருந்தது. இருதயம் செவ்வனே வேலை செய்தது. ஆனால் கவனம், ஞாபகம், திட்டமிட்டுச் செய்யும் திறன் ஆகியவற்றில் குறை இருந்தது.

காரணம் என்ன? இருதயமும் மூளையும் கருவிலேயே சேர்ந்து வளர்கின்றன. ரத்த ஓட்டம் சரியில்லையென்றால், வளரும் மூளைக்குப் போதிய பிராணவாயு கிடைப்பதில்லை. கடுமையான கோளாறுள்ள சிசு மாதம் நிறைந்து பிறந்தாலும், அதன் மூளை ஒரு மாதம் முந்திப் பிறந்த சிசுவின் மூளையைப்போல் இருப்பதை 2009-ல் வெளியான பிலடெல்பியா ஆராய்ச்சி காட்டியது. பிறகு ஆபரேஷன், தீவிர சிகிச்சை, நீண்ட நாள் ஆஸ்பத்திரி வாசம். சிலருக்குப் பரம்பரைக் கூறுகளும் காரணம். தாயின் செல்லம் இதில் எங்கே வந்தது?

எல்லாக் குழந்தைகளுக்கும் இப்படி நேரும் என்று பயப்பட வேண்டாம். சிறு ஓட்டை உள்ளவர்களில் பெரும்பாலோர் மற்றவர்களைப்போலவே வளர்கிறார்கள். கோளாறு கடுமையாயிருந்து, சிசுப் பருவத்திலேயே ஆபரேஷன் ஆனவர்களை விசேஷமாகக் கவனிக்க வேண்டும். சத்தமில்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையையும் மறந்துவிடக் கூடாது.

என்ன செய்வது? முன் வரிசையில் உட்கார வையுங்கள். ஒரு தடவைக்கு ஒரே வேலை சொல்லுங்கள். பரீட்சையில் கூடுதல் நேரம் கொடுங்கள். அடிக்காதீர்கள்! கவனத்துக்கு மருந்து கொடுப்பதென்றால், இருதய டாக்டரையும் கலந்துகொண்டே கொடுக்க வேண்டும்.

இந்திய சர்க்கார் 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற சிறார் பரிசோதனைத் திட்டத்தின் பட்டியலில் பிறவி இருதயக் கோளாறும் இருக்கிறது. கவனக் குறைபாடும், கற்றல் கோளாறும் இருக்கின்றன. காகிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இவற்றை ஒரே குழந்தையின் உடம்பில் சேர்த்துப் பார்க்க வேண்டாமா? பள்ளிப் பருவம் முழுவதும் இப்பரிசோதனை தொடர வேண்டுமென்று அமெரிக்க இருதயச் சங்கம் 2012-லேயே சிபாரிசு செய்தது.

பணமுள்ளவன் தன் பிள்ளைக்குத் தனி வாத்தியார் வைத்துக்கொள்வான். கூலிக்காரன் பிள்ளை எங்கே போகும்? ஆகவே கோருவோம்: ஆபரேஷனான ஒவ்வொரு குழந்தைக்கும் பள்ளி முடியும்வரை இலவசப் பரிசோதனை வேண்டும்! உபாத்தியாயர்களுக்கு இதில் பயிற்சி வேண்டும்! உயிரைக் காப்பாற்றிய சமூகம், அந்த உயிர் படித்து ஆளாகவும் வழி செய்தாக வேண்டும்.