குழந்தைகள் விருந்தும் வீட்டுப் பழச்சாறும்

(மக்தப் மாணவர்களின் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

   

நம் மக்தபில் குர்ஆன் ஓதி முடிக்கும் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு விருந்து வைக்கிறோம். இவ்வாண்டு அவ்விருந்தில் குடிப்பதற்கு என்ன கொடுப்பது என்ற பேச்சு எழுந்தபோது இரு கருத்துகள் வந்தன. பெட்டி பெட்டியாக பாட்டில் பானம் வாங்கிவிட்டால் வேலை எளிது என்றனர் சிலர். வேறு சிலர் வீட்டிலேயே பழச்சாறு பிழிந்து தரலாம் என்றனர். ஆனால் அவர்களுக்கும் ஓர் அச்சம் இருந்தது. பழத்தில் மருந்து இருக்குமோ, சாயம் இருக்குமோ என்ற அச்சம் அது. இது அற்ப விஷயம் என்று எவரும் எண்ண வேண்டாம். விருந்துக்கு வரும் பிள்ளைகள் நம் பொறுப்பில் விடப்பட்ட அமானிதங்கள். அவர்களின் வயிற்றுக்குள் செல்வது எது என்பதற்கு நாமே பதில் சொல்ல வேண்டும்.

முதலில் பாட்டில் பானத்தைப் பார்ப்போம். பழத்தின் படம் போட்டு விற்கப்படுவன எல்லாம் பழச்சாறு அல்ல. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி பழபானம் என்ற பெயரில் விற்கப்படுவதில் பத்து விழுக்காடு பழச்சாறு இருந்தாலே போதுமானது. எலுமிச்சை பானமாயின் ஐந்து விழுக்காடு போதும். எஞ்சியவற்றில் பெரும்பகுதி நீரும் சர்க்கரையுமே. செறிவூட்டிய சாற்றில் நீர் கலந்து தயாரிக்கும் பானங்களின் மீது 'நூறு விழுக்காடு பழச்சாறு' என்று அச்சிடக் கூடாது என 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. பொதியின் பின்புறத்தை நீங்களே படித்துப் பாருங்கள். நூறு மில்லிக்குப் பத்து முதல் பதினான்கு கிராம் வரை சர்க்கரை இருப்பதைக் காண்பீர்கள். இருநூறு மில்லிப் பொதி ஒன்றில் நான்கு முதல் ஏழு தேக்கரண்டி சர்க்கரை அடங்கியிருக்கிறது என்பது அதன் பொருள்.

வீட்டில் பிழிந்துவிட்டால் இந்தக் கணக்கு நம்மைத் தொடாது என்றும் எண்ணிவிடலாகாது. உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில், நாம் சேர்க்கும் சர்க்கரை, தேன் இவற்றோடு பழச்சாற்றில் உள்ள இனிப்பையும் ஒரே கணக்கில் வைத்துள்ளது. பழத்தைக் கடித்துத் தின்னும்போது அதன் நாரும் உடன் செல்கிறது. சாறாகப் பிழிந்து வடிகட்டும்போது நார் சக்கையோடு போய்விடுகிறது. ஆதலால் பழச்சாறு விருந்துக்கு உரியது. அன்றாடத்திற்குப் பழமே சிறந்தது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குப் பழச்சாறே வேண்டாம் என்றும், மூன்று வயது வரை நாளொன்றுக்கு 120 மில்லிக்கு மேல் வேண்டாம் என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2017ஆம் ஆண்டு அறிவுரை கூறியது. சிறிய தம்ளரே நம் விருந்துக்குப் போதுமானது.

இனி அந்த அச்சத்திற்கு வருவோம். 2025ஆம் ஆண்டுக் கோடையில் தர்பூசணிக்குள் ஊசி மூலம் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற செய்தி தமிழகம் முழுவதும் பரவியது. மக்கள் தர்பூசணி வாங்கவே அஞ்சினர். விளைவித்த விவசாயிகள் விலையின்றி நஷ்டப்பட்டனர். செய்தி வந்தால் தீர விசாரித்துத் தெளியுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிடாதீர்கள் என்ற கருத்தைத் திருக்குர்ஆனின் 49ஆவது அத்தியாயத்தின் 6ஆவது வசனத்தில் நாம் ஓதுகிறோம். பழத்தைப் பற்றி ஐயம் இருப்பின் வெட்டிய துண்டின் மீது வெள்ளைப் பஞ்சை ஒற்றிப் பாருங்கள். பஞ்சு அடர் சிவப்பாக மாறினால் அதைத் தவிர்த்துவிடுங்கள். மாம்பழத்தைக் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. எனவே பருவம் தொடங்கும் முன்பே வந்து குவியும் மாம்பழத்தை விட்டுவிட்டு, அந்தந்தப் பருவத்தில் மலிவாகக் கிடைக்கும் பழத்தை வாங்குவதே அறிவுடைமை.

ஆனால் ஜமாஅத்தார்களே! பழத்தைக் கண்டு அஞ்சும் நாம், அதில் ஊற்றும் தண்ணீரைப் பற்றி எண்ணிப் பார்க்கிறோமா? 2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில், நமக்கு அருகிலுள்ள பல்லாவரம் பகுதியில் பலர் வாந்திக்கும் வயிற்றுப்போக்கிற்கும் உள்ளாகி குரோம்பேட்டை அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உயிரிழப்பும் நேர்ந்தது. குடிநீரில் கழிவுநீர் கலந்துவிட்டது என்றனர் அப்பகுதி மக்கள். உணவு காரணமாக இருக்கலாம் என்றது அரசுத் தரப்பு. அந்த வழக்கிற்குள் நாம் செல்ல வேண்டியதில்லை. தண்ணீரில் கவனம் வேண்டும் என்ற பாடம் நமக்குப் போதுமானது. காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலையின் ஒரு வகை ஆகிய யாவும் அசுத்த நீரின் வழியே பரவக்கூடியவை. நூறு பிள்ளைகளுக்கு ஒரே அண்டாவில் கலக்கும்போது ஒரு குடம் நீரின் குற்றம் நூறு வீடுகளுக்குச் சென்றுவிடும்.

நம் ஊர் நிலத்தடி நீருக்கு வேறொரு வரலாறும் உண்டு. குரோம் தோல் தொழிற்சாலையால்தான் குரோம்பேட்டைக்கு அப்பெயரே வந்தது. பல்லாவரம், நாகல்கேணி, பம்மல் வட்டாரத்தில் தோல் பதனிடும் தொழில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் கழிவால் இவ்வட்டாரத்து நிலத்தடி நீரில் உப்பும் குரோமியமும் கலந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்பும் உலோகமும் போகா. ஆதலால் ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சிவிட்டோம் என்று பிள்ளைகளின் சாற்றில் ஊற்ற வேண்டாம். குடிப்பதற்கென்று வரும் குழாய் நீரையோ கேன் தண்ணீரையோ எடுத்து, நன்கு கொப்புளித்துப் பொங்கும் வரை கொதிக்க வைத்து, மூடி ஆற வைத்துப் பயன்படுத்துங்கள். கேன் வாங்கும்போது அதன் மீது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதினான்கு இலக்க உரிம எண் உள்ளதா, மூடி பிரிக்கப்படாமல் உள்ளதா என்று பாருங்கள்.

தண்ணீரைக் காய்ச்சிவிட்டு, கடையில் வாங்கிய ஐஸ் கட்டியை அதில் உடைத்துப் போட்டால் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும். மீனுக்கும் பிணத்திற்கும் வைக்கும் ஐஸ் எந்த நீரில் உறைந்தது என்று யார் அறிவார்? உண்ணத்தகாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று மகாராஷ்டிர மாநிலத்தில் 2018ஆம் ஆண்டு உத்தரவிட்டதற்கு இக்குழப்பமே காரணம். காய்ச்சிய நீரை வீட்டுக் குளிர்பெட்டியில் உறைய வையுங்கள். அது போதாதெனில் கடை ஐஸை ஓர் அகன்ற அண்டாவில் கொட்டி, சாறுள்ள பாத்திரத்தை மூடி அதன் நடுவே இறக்கி வையுங்கள். ஐஸ் வெளியே நிற்கும். சாறு உள்ளே குளிரும்.

இப்போது செய்முறை. நாற்பது பிள்ளைகளுக்குத் தலைக்கு 150 மில்லி என்றால் ஆறு லிட்டர் தேவை. அதை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது தர்பூசணிச் சாறு. இப்பழத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரே. ஐந்து கிலோ பழம் ஒன்றில் இரண்டு லிட்டருக்கு மேல் சாறு கிடைக்கும். நீரும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். விதை நீக்கி மிக்ஸியில் அடித்து, வடிகட்டாமல் சிட்டிகை உப்பும் சிறிது புதினாவும் சேர்த்தால் போதும்.

இரண்டாவது எலுமிச்சைச் சர்பத். காய்ச்சி ஆறிய நீர் இரண்டு லிட்டர், எலுமிச்சம்பழம் எட்டு, சர்க்கரை 120 கிராம், சிட்டிகை உப்பு. தம்ளர் ஒன்றுக்கு ஏறத்தாழ இரண்டு தேக்கரண்டி இனிப்பு வரும். அதற்கு மேல் வேண்டாம்.

மூன்றாவது பேரீச்சம்பழப் பால். விதை நீக்கிய பழம் முப்பதை வெந்நீரில் ஊற வைத்து அரைத்து, காய்ச்சி ஆறிய இரண்டு லிட்டர் பாலில் கலக்கவும். சர்க்கரை சேர்க்க வேண்டியதில்லை. முந்திரி, பாதாம் சிலருக்கு ஒவ்வாது. ஆகவே பெற்றோரைக் கேட்காமல் அவற்றைச் சேர்க்கலாகாது. சர்க்கரை நோயுள்ள பிள்ளை இருந்தால் அதற்கு என்ன தரலாம் என்பதையும் பெற்றோரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பழத்தை வெட்டுவதற்கு முன் தோலைத் தேய்த்துக் கழுவுங்கள். தோலில் உள்ள அழுக்கைக் கத்தி உள்ளே இழுத்துச் செல்லும். மிக்ஸி ஜாரையும் கரண்டியையும் நல்ல நீரிலேயே அலசுங்கள். பரிமாறுவதற்கு எவர்சில்வர் தம்ளரே மேல். பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளைகளும் பிளாஸ்டிக் உறிஞ்சு குழல்களும் 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் தமிழகத்தில் தடை செய்யப்பட்டவை.

இறுதியாக ஒன்று. 'சர்பத்' என்ற சொல் 'ஷரிப', அதாவது பருகினான் என்ற அரபுச் சொல்லின் வேரிலிருந்து வந்தது. உர்தூவில் மதுவைக் குறிக்கும் 'ஷராப்' என்பதும் அதே வேர்தான். பழச்சாறும் மதுவும் சொல்லில் மட்டுமன்றிப் பொருளிலும் அண்டை வீட்டுக்காரர்கள். சாற்றை வெப்பத்தில் விட்டுவைத்தால் அது புளித்து நொதிக்கும். அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்காகக் காலையில் ஊற வைத்த பழநீரை மாலையிலும், மாலையில் ஊற வைத்ததைக் காலையிலும் அருந்துவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இரவில் பாத்திரங்களை மூடி வைக்குமாறும் நபியவர்கள் கற்பித்தார்கள். நொதிக்காத திராட்சைச் சாற்றுக்கு உலகம் வெகுகாலம் காத்திருந்தது. பாஸ்டர் கண்ட சூடேற்றும் முறையைக் கொண்டு, அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற பல் மருத்துவர் 1869ஆம் ஆண்டு தம் தேவாலயத்திற்காக அதைப் புட்டியில் அடைத்தார். நம் வீட்டில் அந்த ஏற்பாடு இல்லை. ஆதலால் சாற்றை முந்தைய இரவே பிழிந்து வைக்காதீர்கள். பிள்ளைகள் அமரும் நேரத்தை ஒட்டிப் பிழியுங்கள். சென்னைக் கோடையில் வெளியே ஒரு மணி நேரத்திற்கு மேல் நின்றதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். மீந்துவிடாதபடி அளந்து செய்தால் விரயமும் இராது.

பருகத் தருபவரே கடைசியில் பருக வேண்டும் என்பது நபிமொழி. அன்று அண்டாவின் அருகே நிற்பவர்கள் எல்லாப் பிள்ளைகளும் குடித்த பின்னரே தம் தம்ளரை எடுக்கட்டும். அதே நீர், அதே ஐஸ், அதே சாறு தமக்கும் வரும் என்ற நினைவோடு கலப்பவரின் கையில் கவனம் தானே வந்துவிடும்.

வல்ல இறைவன் நம் பிள்ளைகளுக்கு நோயற்ற வாழ்வையும் பயன்தரும் கல்வியையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.