சி டிரைவ் சிவப்பானா எதை அழிக்கலாம், எதைத் தொடக்கூடாது?

இன்னைக்கு எடுத்துக்கிட்ட விஷயம் சின்னதுதான். ஒரு சாஃப்ட்வேரை டவுன்லோட் பண்றோம், இன்ஸ்டால் பண்றோம், வேலையைப் பார்க்கப் போயிடறோம். அந்த இன்ஸ்டாலர் ஃபைல் மட்டும் அங்கேயே கிடக்கும், கல்யாணம் முடிஞ்சு மூணு மாசம் ஆகியும் வாசல்ல நிக்கிற பந்தக்கால் மாதிரி. அதைப் பிடுங்கறதுல தப்பே இல்லை. ஆனா பந்தக்கால்னு நினைச்சு வீட்டுத் தூணைப் பிடுங்கறவங்களும் இருக்காங்க. இந்த எபிசோட் அந்த வித்தியாசத்தைப் பத்தித்தான்.

முதல்ல, இது ஏன் முக்கியம்? 256 ஜிபின்னு சொல்லி வாங்கின லேப்டாப்பில் விண்டோஸ் சுமார் 238 ஜிபிதான் காட்டும். யாரும் ஏமாத்தலை. டிஸ்க் தயாரிக்கிறவங்க ஆயிரம் ஆயிரமாக எண்ணுறாங்க, விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுது, அவ்வளவுதான். அதுக்கு மேல விண்டோஸ், ரெக்கவரி பார்ட்டிஷன், அப்டேட்டுக்காக ஒதுக்கி வைக்கிற இடம் எல்லாம் போக, நமக்கு மிஞ்சுவது நாம நினைச்சதைவிடக் குறைவு. இடம் தீர்ந்தா லேப்டாப் மெதுவாகும் என்பது மட்டும் பிரச்சினை இல்லை. விண்டோஸ் அப்டேட் இறங்கவும் பிரிச்சுப் போடவும் காலி இடம் வேணும். அது இல்லாட்டி செக்யூரிட்டி பேட்ச்கள் தோத்துக்கிட்டே இருக்கும். அந்த லேப்டாப்பிலதான் நீங்க பேங்க் கணக்கைத் திறக்கிறீங்க. அதனால குப்பை அள்ளுறது இங்கே பாதுகாப்பு வேலையும்கூட.

சரி, மிச்ச ஃபைல்களை மூணு வகையா பிரிச்சுக்கலாம்.

முதல் வகை, நாமே டவுன்லோட் பண்ணினது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து, டைப் வாரியா அடுக்குங்க. 'அப்ளிகேஷன்', 'விண்டோஸ் இன்ஸ்டாலர் பேக்கேஜ்' என்று போட்டிருப்பவை ஒண்ணா வந்து நிக்கும். அப்புறம் சைஸ் வாரியா அடுக்கினா பெரிய தலைகள் மேலே வரும். ஒரே பிரவுசரோட செட்டப் ஃபைல் நாலு தடவை, அடைப்புக்குறிக்குள்ள 1, 2, 3 போட்டுக்கிட்டு இருக்கும். எப்பவோ எடுத்த லினக்ஸ் ஐஎஸ்ஓ ஒண்ணு பல ஜிபிக்கு உட்கார்ந்திருக்கும். சாஃப்ட்வேர் இன்ஸ்டால் ஆகி ஒழுங்கா ஓடுதுன்னா இவற்றைத் தாராளமா அழிக்கலாம். இன்ஸ்டாலர் தன் வேலையை முடிச்சாச்சு. அதை அழிச்சா சாஃப்ட்வேருக்கு ஒண்ணும் ஆகாது.

ஆனா ரெண்டு விஷயம் பார்த்துக்கோங்க. ஒண்ணு, எல்லா இஎக்ஸ்இ ஃபைலும் இன்ஸ்டாலர் இல்லை. ரூஃபஸ் மாதிரி சில புரோகிராம்கள் இன்ஸ்டால் ஆகாமலே நேரா ஓடும். அந்த ஃபைலேதான் புரோகிராம். அதை அழிச்சா புரோகிராமே போச்சு. ரெண்டாவது, திரும்பக் கிடைக்குமான்னு யோசிங்க. பழைய ஸ்கேனர் டிரைவர், கம்பெனியே மூடிட்டுப் போன ஒரு சாஃப்ட்வேர், லைசென்ஸ் குறிப்பிட்ட வெர்ஷனுக்கு மட்டும் இருக்கிறது, இந்த மாதிரி இன்ஸ்டாலர்களை ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஏத்தி வைங்க. நாளைக்கு இணையத்துல தேடினா கிடைக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்லை.

ரெண்டாவது வகை, நாம கேக்காமலே சிஸ்டம் விட்டுட்டுப் போனது. கிராஃபிக்ஸ் டிரைவர் இதுக்கு நல்ல உதாரணம். என்விடியா, ஏஎம்டி இன்ஸ்டாலர்கள் முதல்ல தங்களையே சி டிரைவ்ல அந்தப் பேர்லயே ஒரு ஃபோல்டர் போட்டு பிரிச்சு வெச்சு, அங்கிருந்துதான் இன்ஸ்டால் பண்ணும். வேலை முடிஞ்ச பிறகும் அந்த ஃபோல்டர் இருந்தா, அழிக்கலாம். ஆனா புரோகிராம் ஃபைல்ஸுக்குள்ள அதே பேரில் இருக்கிற ஃபோல்டர் வேற. அது ஓடிக்கிட்டு இருக்கிற சாஃப்ட்வேர், அங்கே கை வைக்காதீங்க.

அடுத்து 'விண்டோஸ்.ஓல்ட்'. பெரிய அப்டேட் நடந்தா பழைய விண்டோஸை இந்தப் பேர்ல ஒதுக்கி வைக்கும். புதுசு பிடிக்கலைன்னா 10 நாளுக்குள்ள பழசுக்குத் திரும்பிப் போறதுக்காக. அதுக்கப்புறம் விண்டோஸே அதை எடுத்துடும். அவசரம்னா செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் போய் நீங்களே எடுக்கலாம். எடுக்கிறதுக்கு முன்னாடி அதுக்குள்ள இருக்கிற யூசர்ஸ் ஃபோல்டரை ஒரு தடவை திறந்து பாருங்க. ஃபார்மட் பண்ணாம விண்டோஸை மறுபடி போட்டிருந்தா, உங்க பழைய போட்டோவும் டாக்குமென்ட்டும் அதுக்குள்ளதான் இருக்கும்.

அந்த டெம்பரரி ஃபைல்ஸ் பட்டியல்லயே விண்டோஸ் அப்டேட் கிளீனப், டெலிவரி ஆப்டிமைசேஷன் ஃபைல்ஸ் எல்லாம் இருக்கும். டிக் பண்ணலாம். அதே பட்டியல்ல டவுன்லோட்ஸும் ஒரு வரியா இருக்கும். எல்லாத்தையும் கண்ணை மூடிக்கிட்டு டிக் பண்ணினா, இன்ஸ்டாலரோட சேர்த்து உங்க மார்க்‌ஷீட் பிடிஎஃப்பும் போயிடும். அந்த ஒரு வரியை மட்டும் விட்டுட்டு, டவுன்லோட்ஸைக் கையாலயே சுத்தம் பண்ணுங்க.

மூணாவது வகைதான் வில்லங்கம். விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள 'இன்ஸ்டாலர்' என்று ஒரு மறைஞ்ச ஃபோல்டர் இருக்கு. உள்ளே போனா சம்பந்தமே இல்லாத எழுத்தும் எண்ணும் கலந்த பேர்கள்ல நிறைய எம்எஸ்ஐ, எம்எஸ்பி ஃபைல்கள். சில லேப்டாப்ல இது பத்து ஜிபியைத் தாண்டும். பேரே 'இன்ஸ்டாலர்', எல்லாம் இன்ஸ்டால் ஆகி முடிஞ்சது, அப்போ குப்பைதானேன்னு தோணும். இல்லை. எம்எஸ்ஐ வழியா இன்ஸ்டால் ஆன ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் விண்டோஸ் ஒரு பிரதியை இங்கே வெச்சுக்குது. எந்த சாஃப்ட்வேருக்கு எந்தப் பிரதிங்கிற கணக்கு ரெஜிஸ்ட்ரியில் இருக்கு. அந்த சாஃப்ட்வேரை ரிப்பேர் பண்ணணும், அப்டேட் பண்ணணும், ஏன், அன்இன்ஸ்டால் பண்ணணும்னாகூட, எப்படிச் செய்யணும்ங்கிற விவரம் இந்தப் பிரதிக்குள்ளதான் எழுதியிருக்கு. நிலத்தை அனுபவிக்க தினமும் பத்திரம் தேவையில்லை. ஆனா விக்கவோ பாகம் பிரிக்கவோ போனா முதல்ல கேக்கிறது பத்திரத்தைத்தான். இந்த ஃபோல்டர் அந்தப் பத்திரப் பெட்டி.

இதுல சிக்கினவர் எங்க பெரியப்பா பையன். ஈரோட்ல வரிக்கணக்கு ஆபீஸ் வெச்சிருக்கார். ஒரு மாசம் 19ஆம் தேதி ராத்திரி போன். "தம்பி, வீடியோல சொன்ன மாதிரி ஒரு ஃபோல்டரைக் காலி பண்ணேன்டா, 14 ஜிபி கிடைச்சுது. இப்போ டோக்கன் டிரைவர் அப்டேட் ஆக மாட்டேங்குது."

மாசா மாசம் ஜிஎஸ்டி தாக்கல் செய்யறவங்களுக்கு 3பி ரிட்டர்னுக்குக் கடைசி நாள் 20. கம்பெனிக் கணக்குன்னா டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம். அந்தக் கையெழுத்து ஒரு யூஎஸ்பி டோக்கன்ல இருக்கும், டோக்கனுக்கு டிரைவர் வேணும். தாமதமானா வரி இருக்கிற ரிட்டர்னுக்கு நாளுக்கு 50 ரூபாய், அதுவும் ஒவ்வொரு கிளையண்டுக்கும் தனித்தனியா. பணத்தைவிட, "ஏன் சார் லேட்?"னு கேக்கிறவங்களுக்குப் பதில் சொல்றதுதான் அவருக்குப் பெரிய கஷ்டம்.

என்ன நடந்ததுன்னா, புது டிரைவர் உள்ளே வரணும்னா பழசு வெளியே போகணும். பழசை வெளியே அனுப்பறதுக்கான எம்எஸ்ஐ பிரதி அழிஞ்சு போச்சு. விண்டோஸ் அதை எங்கேயோ நெட்வொர்க்ல இருக்கிற ஃபைல் கிடைக்கலைன்னு ஒரு புரியாத மெசேஜா காட்டுது. பழைய வெர்ஷனோட அசல் இன்ஸ்டாலர் இருந்திருந்தா அதை வெச்சுச் சரி பண்ணியிருக்கலாம். அதையும் அவர் அழிச்சிருந்தார். கடைசியில், இன்ஸ்டால், அன்இன்ஸ்டால் சிக்கலுக்குன்னே மைக்ரோசாஃப்ட் இலவசமா தர்ற டிரபிள்ஷூட்டரை ஓட்டி, பழைய டிரைவரோட பதிவை நீக்கி, புதுசைப் போட்டோம். ராத்திரி ஒண்ணரை மணி. டிரைவர் ஒண்ணுக்கு இது நடந்தது. அந்த கம்ப்யூட்டர்ல இருக்கிற மத்த சாஃப்ட்வேர்கள்ல எது எப்போ இதே மாதிரி மாட்டும்னு இன்னும் தெரியாது. அதான் இதோட பிரச்சினை. அழிச்ச அன்னைக்கு எல்லாம் நல்லாவே ஓடும். வலி ஆறு மாசம் கழிச்சு, அடுத்த அப்டேட் வரும்போதுதான் தெரியும்.

புரோகிராம்டேட்டாவுக்குள்ள இருக்கிற 'பேக்கேஜ் கேஷ்' ஃபோல்டருக்கும் இதே விதிதான். இவை பெருத்துப் போச்சுன்னா, நேரா ஃபைலை அழிக்காம, பயன்படுத்தாத சாஃப்ட்வேர்களை முறையா அன்இன்ஸ்டால் பண்ணுங்க. அப்போ அந்தப் பிரதியும் சேர்ந்து போகும்.

'இது தேவையில்லாததுதான்' என்கிற ஊகம் எவ்வளவு ஆபத்துன்னு மைக்ரோசாஃப்டே பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. 2018 அக்டோபர் 2 அன்று வந்த விண்டோஸ் 10, 1809 அப்டேட்ல ஒரு சுத்தம் பண்ற வேலையும் இருந்தது. டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை வேற டிரைவுக்கு மாத்தினவங்ககிட்ட, பழைய இடத்துல வெத்து ஃபோல்டர் ஒண்ணு மிச்சம் நிக்குதுன்னு புகார் வந்திருந்தது. அதை நீக்கத்தான் அந்தக் கோடு. ஆனா சிலருக்குப் பழைய ஃபோல்டர் வெத்தா இல்லை, உள்ளே அவங்க ஃபைல்கள் இருந்தது. ஃபோல்டரோட அதுவும் போச்சு. புகார் சொன்னவங்க பத்தாயிரத்துக்கு ஒருத்தர்ங்கிற அளவுதான்னு மைக்ரோசாஃப்ட் சொன்னது. இருந்தும் சில நாள்லயே அப்டேட்டை நிறுத்தி, சரி பண்ணி, நவம்பர் 13 அன்றுதான் மறுபடி விட்டாங்க. அழிக்கிறதுக்கு முன்னாடி உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கணும். நமக்கும் அதே பாடம்தான்.

மேக் வெச்சிருக்கிறவங்களுக்கு வேலை சுலபம். டவுன்லோட்ஸ்ல இருக்கிற டிஎம்ஜி, பிகேஜி ஃபைல்களை, ஆப் அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டருக்கு வந்துடுச்சான்னு பார்த்துட்டு அழிங்க. டிஎம்ஜிக்குள்ள இருந்தே ஆப்பை ஓட்டிக்கிட்டு இருக்கிறவங்க முதல்ல அதை வெளியே இழுத்துப் போடுங்க. அப்ளிகேஷன்ஸ்லயே 'இன்ஸ்டால் மேக்ஓஎஸ்' என்று தொடங்கும் ஆப் இருந்தா, அது மட்டுமே பத்து ஜிபிக்கு மேல இருக்கலாம். அப்கிரேட் முடிஞ்சிருந்தா அது தேவையில்லை. உபுண்டு ஆட்கள், 'ஆப்ட்' டவுன்லோட் பண்ணி வெச்சிருக்கிற பேக்கேஜ்களை அதோட 'கிளீன்' கட்டளையால தைரியமா காலி பண்ணலாம்.

கடைசியா ஒரு பழக்கம். மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை, பத்து நிமிஷம். டவுன்லோட்ஸைக் கையால சுத்தம் பண்ணுங்க. டெம்பரரி ஃபைல்ஸ் பட்டியலைப் படிச்சு டிக் பண்ணுங்க. ஒரு வருஷமா தொடாத சாஃப்ட்வேரை அன்இன்ஸ்டால் பண்ணுங்க. ரீசைக்கிள் பின்னைக் காலி பண்ணினாத்தான் இடம் உண்மையா திரும்பும், ஆனா அதை ஒரு வாரம் தள்ளியே செய்யுங்க. விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள போய் எதையாவது அழிக்கச் சொல்ற வீடியோவைப் பார்த்தா, அங்கேயே மூடிடுங்க.

உங்க வீட்டுல யாராவது "சி டிரைவ் ஃபுல்"னு புலம்பிக்கிட்டு இருந்தா, அவங்க தேட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இந்த எபிசோடை அனுப்பி வைங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.