கொழுந்து லொறியின் முன்சில்லு என்ன சொல்கிறது?

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், சாரதிகள், மாதர் அணியினருக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளத்தையும் ஈ.பி.எப்.பையும் பற்றிப் பேசும் மேடையில் இந்த டீச்சர் லொறியைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்த லொறியில் கொழுந்து மட்டுமா போகிறது? தூரத்து மலைக்கு வேலைக்குப் போகும் பெண்கள் போகிறார்கள், மழை நாளில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் தொற்றிக்கொள்கிறார்கள். ஆட்களை ஏற்ற லொறி ஏற்ற வாகனமல்ல. அது வேறு கோரிக்கை, அதையும் விடப்போவதில்லை. அதுவரை ஏறுகிறவர்களின் உயிர் முன் அச்சில்தான் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் மூன்று வாரமாக முன்பக்கம் உறுமல் கேட்டது. சாரதி வாயால் சொன்னார். "ஓட்டு, மாசக் கடைசியில் பார்ப்போம்" என்றார்கள். கடைசியில் பேரிங் உடைந்து, லொறி தேயிலைக்குள் சாய்ந்தது. இரண்டு அக்காமாருக்குக் கை முறிந்தது. விசாரணையில் நிர்வாகம் சொன்னது, "எங்களுக்கு யாரும் அறிவிக்கவில்லை" என்று. எழுத்தில் ஒரு வரி இல்லை.

ஆகவே முதலில் சத்தத்தைப் பிரித்தறியப் பழகுவோம். லொறியை நிறுத்திவைத்து, கியர் போடாமல் எஞ்சினை மட்டும் முறுக்கிப் பாருங்கள். அப்போதும் அதே சத்தம் வந்தால் அச்சைக் குறைசொல்ல வேண்டாம். சில்லு உருளும்போது மட்டும் வந்து, வேகம் கூடக் கூட உறுமலும் கூடினால் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். வளைவு இன்னும் தெளிவாகச் சொல்லும். இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலது சில்லில் விழும்; அப்போது உறுமல் கூடினால் வலது பேரிங்கைப் பாருங்கள். நமது ரோட்டில் வளைவுக்கா பஞ்சம்? சமதரையில் சிலர் நியூட்ரலில் உருளவிட்டுக் கேட்பார்கள். நம் இறக்கத்தில் அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

ஸ்டியரிங் நடுங்கினால் "பெலன்ஸ் இல்லை" என்பது கராஜில் வழக்கமான பதில். சில்லின் சமநிலைக் குறை பெரும்பாலும் பிரதான வீதியின் வேகத்தில்தான் தெரியும். தோட்ட ரோட்டில் ஊர்ந்து போகும்போதே ஆடினால் டயர் வீங்கியிருக்கலாம், ரிம் நெளிந்திருக்கலாம், நட்டு தளர்ந்திருக்கலாம். நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருந்தால் அது தளர்ந்ததற்கான அடையாளம். சில்லு மாற்றினால் 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி இறுக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் டிரம் வட்டம் குலைந்திருக்கலாம். குழியில் விழும்போது "டக்" என்றால் வில்லுத் தட்டையும் அதைப் பிடித்திருக்கும் யூ போல்ட்டையும் பாருங்கள்.

இனி கையால் பார்ப்பது. சமதரையில் பின்சில்லுகளுக்குக் கல் கொடுத்து, முன்பக்கத்தை ஜெக்கால் உயர்த்தி, அச்சின் கீழ் உறுதியான தாங்கி வையுங்கள். வெறும் ஜெக்கை நம்பி அடியில் போக வேண்டாம். சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் கிளீனர் தம்பியைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். பிரேக் மிதித்தால் டிரம்மும் அச்சு முனையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்வதால் பேரிங்கின் தளர்ச்சி மறைந்துவிடும், அவ்வளவுதான் சூத்திரம். இடம் வலமாகப் பிடித்து ஆட்டும்போது ஆடினால் டை ரொட் முனைகளையும் பாருங்கள். கிங்பின் தேய்வது பெரும்பாலும் கிரீஸ் இல்லாமல்தான். ஒரு கிரீஸ் கன் விலைக்கு ஒரு கிங்பின் வேலை செய்ய முடியுமா என்று நிர்வாகத்திடமே கேளுங்கள்.

சூட்டையும் பாருங்கள். இறக்கத்தில் வந்தால் பிரேக்கால் இரண்டு ஹப்பும் சுடும், எதுவும் தெரியாது. மேட்டில் ஏறி நின்றபின் புறங்கையை அருகே கொண்டுபோய் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அங்கே பேரிங் இறுகியிருக்கிறது, அல்லது பிரேக் உரசுகிறது.

பின்னால் இருக்கும் அக்காமாருக்கு ஒரு வார்த்தை. எஞ்சின் இரைச்சலில் சாரதிக்குக் கேட்காதது உங்களுக்குக் கேட்கலாம். "என்னமோ சத்தம்" என்று சொல்லாதீர்கள். வளைவிலா, குழியிலா, பிரேக் பிடிக்கும்போதா, எந்தப் பக்கம், இதைச் சொல்லுங்கள்.

சாரதி அதை அன்றே லொக் புத்தகத்தில் எழுத வேண்டும். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் நிர்வாகத்தின் கையொப்பம் வாங்கித் தோட்டத் தலைவர் வைத்துக்கொள்ள வேண்டும். வேலையின்போது ஏற்படும் காயத்துக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. வழக்குப் பேசும் நாளில் இந்தத் தாள்தான் நம் பக்கம் நிற்கும்.

எழுதும் முறை இப்படி: திகதி, லொறி இலக்கம், "இடப்பக்க வளைவில் வலது முன்சில்லில் உறுமல், மூன்று நாளாகக் கூடுகிறது, ஹப் சுடுகிறது, திருத்தும்வரை ஆட்களை ஏற்ற முடியாது." கீழே சாரதியின் பெயர், நேரம். படிவம் மேசையில் இருக்கிறது. போகும்போது டிவிசனுக்கு ஒரு கட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.