எந்தத் தீமை சிறியது?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செயலாளர் அண்ணன் போனில், "பத்து நிமிஷம் பேசுப்பா, தலைப்பு உன் இஷ்டம்" என்றார். "வீடியோ கேம் பத்திப் பேசட்டுமாண்ணே?" என்றேன். சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, உருப்படியா ஏதாவது சொல்லி முடி" என்றார். முயற்சி செய்கிறேன்.

போலந்து நாட்டில் ஊச் என்ற ஊர்க்காரர் ஆந்த்ஜெய் சாப்கோவ்ஸ்கி. 1948-இல் பிறந்தவர். பொருளாதாரம் படித்துவிட்டு வெளிநாட்டு வர்த்தகத் துறையில் வேலை பார்த்தவர். 1986-இல் 'ஃபன்டாஸ்திகா' பத்திரிகையின் சிறுகதைப் போட்டிக்கு எழுதிய கதைக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. அதன் நாயகன் கெரால்ட், கூலி வாங்கிக்கொண்டு பூதங்களையும் பேய்களையும் வேட்டையாடுகிறவன். அந்த ஒரு கதை பிறகு சிறுகதைத் தொகுப்புகளாகவும், 1994 முதல் 1999 வரை ஐந்து நாவல்களாகவும் வளர்ந்தது. ஆங்கிலத்தில் இதற்கு 'விட்சர்' என்று பெயர்.

மாயாஜாலக் கதைதானே, ராட்சசனை வெட்டினால் சுபம் என்று நினைக்காதீர்கள். 'சிறிய தீமை' என்று ஒரு கதை. ஒரு மந்திரவாதி கெரால்டிடம் வந்து, ரென்ஃப்ரி என்ற பெண்ணைக் கொன்றுவிடு, அதுதான் சிறிய தீமை என்கிறான். அவளோ, அந்த மந்திரவாதியைக் கொல், அதுதான் சிறிய தீமை என்கிறாள். இரண்டும் வேண்டாம் என்று கெரால்ட் ஒதுங்குகிறான். ஆனால் மந்திரவாதியை வெளியே இழுக்க, சந்தைக்கு வரும் ஜனங்களைக் கொல்ல அவள் திட்டமிட்டிருப்பதைக் கடைசி நேரத்தில் புரிந்துகொள்கிறான். அவளையும் அவள் ஆட்களையும் வெட்டிச் சாய்க்கிறான். ஊர் ஜனம் கல்லால் அடித்துத் துரத்துகிறது. 'கசாப்புக்காரன்' என்ற பட்டமும் ஒட்டிக்கொள்கிறது. ஒதுங்கி நிற்பதும் ஒரு முடிவுதான் என்பது கதை.

இதை எப்படி விளையாட்டாக்குவது? படிக்கும்போது முடிவு எடுப்பவன் கெரால்ட்; நாம் வேடிக்கை பார்க்கிறோம். ரோல் பிளேயிங் கேமில் அந்த வேஷம் நமக்கு. முடிவும் நம் தலையில். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. செய்தது சரிப்படவில்லை என்றால், சேவ் செய்த இடத்துக்குப் போய் மாற்றிக்கொள்ளலாமே! அப்புறம் என்ன தர்மசங்கடம்?

மற்றவர்கள் செய்த கேம்களைப் போலந்தில் விற்றுக்கொண்டிருந்த சிடி புரொஜெக்ட், 2002-இல் தனி ஸ்டூடியோ தொடங்கி, 2007-இல் முதல் விட்சர் கேமை வெளியிட்டது. இந்தச் சிக்கலுக்கு அவர்கள் கண்ட வழி எளிமையானது: விளைவைத் தள்ளிப் போட்டார்கள். ஆரம்பத்தில் ஆற்றங்கரையில் ஒரு வியாபாரியின் பெட்டிகளுக்கு ராத்திரிக் காவல் இருக்கிறோம். எல்ஃப் இனப் போராளிகள் வந்து கேட்கிறார்கள். பாவம், ஒடுக்கப்பட்டவர்கள் என்று கொடுத்துவிடலாம். பல மணி நேரம் ஆடி அடுத்த அத்தியாயத்துக்கு நகரம் போனால், நமக்குத் துப்புச் சொல்ல வேண்டிய ஆள் அதே போராளிகளால் கொலையாகிக் கிடக்கிறான். அதற்குள் எத்தனையோ தடவை சேவ் செய்தாகிவிட்டது. திரும்பிப் போக மனசு வராது.

2015-இல் வந்த மூன்றாவது கேமில் இது இன்னும் கூர்மை. மரத்தடியில் அடைபட்ட ஓர் ஆவியை விடுவித்தால் சதுப்பு நிலத்து அநாதைக் குழந்தைகள் பிழைக்கும். ஆனால் ஒரு கிராமம் அழியும், ஒரு தாய் சாவாள், அவள் கணவன் தூக்கில் தொங்குவான். ஆவியைக் கொன்றால் அந்தத் தாய் சித்தம் கலங்கியாவது உயிரோடு இருப்பாள், குழந்தைகள் இல்லை. எது சிறிய தீமை? நான் இரண்டு தடவை, இரண்டு விதமாகவும் ஆடினேன். இரண்டு தடவையும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இந்த மூன்றாவது கேம் ஐந்து கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதாக 2023-இல் நிறுவனம் அறிவித்தது. 2011-இல் வந்த இரண்டாவது கேமைப் போலந்துப் பிரதமர் அதே ஆண்டில் அமெரிக்க அதிபர் ஒபாமாவுக்கே பரிசாகக் கொடுத்தார்!

சரி, கதாசிரியருக்கு என்ன கிடைத்தது? லாபத்தில் பங்கு தருவதாகச் சொன்னபோது, கேம் ஓடும் என்ற நம்பிக்கை இல்லாமல், மொத்தப் பணத்தையும் உடனே கையில் வாங்கிக்கொண்டார். அந்த முடிவின் விளைவும் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. 2018-இல் அவருடைய வக்கீல்கள் 6 கோடி ஸ்வாட்டி கேட்டு நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்பினார்கள். படைப்பாளிக்குக் கிடைத்த ஊதியம் பிறர் அடைந்த லாபத்தோடு ஒப்பிட மிகமிகக் குறைவு என்றால் கூட்டிக் கேட்கலாம் என்று போலந்துச் சட்டத்தில் இடமுண்டு. 2019 டிசம்பரில் இரு தரப்பும் புது ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. நல்லவேளை, அவருக்கு மட்டும் பழைய சேவ் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம்!

நண்பர்களே, நாம் இன்ஜினியர்கள். இன்று கையெழுத்துப் போடும் டிராயிங், "இது போதும்பா" என்று விடும் டெஸ்ட் ரிப்போர்ட், "நமக்கெதுக்கு" என்று மீட்டிங்கில் வாய் மூடி உட்காருவது, எதுவுமே அன்று சாயங்காலம் விளைவைக் காட்டாது. பத்து வருஷம் கழித்து, நாம் வேறு ஊரில் வேறு கம்பெனியில் இருக்கும்போது, முகம் தெரியாத ஒருவர் வீட்டில் போய் நிற்கும். நமக்கு லோட் பட்டன் கிடையாது.

ஆகவே, பிள்ளைகள் கேம் ஆடினால் உடனே பிடுங்கி வைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "நீ ஏன் அப்படிப் பண்ணின?" என்று கேளுங்கள். நல்ல பேச்சு நடக்கும். ஒன்று மட்டும்: மேலே சொன்ன கேம்கள் பெரியவர்களுக்கானவை, சின்னப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.