பெஞ்சில் இருந்தவர் பயிற்சியாளரானபோது

(குறுவளமையக் கூட்டத்தில் சக ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் கணித ஆசிரியர். சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தது. கூடைப்பந்து அணியைக் குறுவட்டப் போட்டிக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. 12 மாணவர்களை அழைத்துப்போனேன். ஒரே நேரத்தில் களத்தில் ஆடுவது 5 பேர். நன்றாக ஆடும் 8 பேரையே மாற்றி மாற்றி இறக்கினேன். மீதி 4 பேர் காலை முதல் மாலை வரை உட்கார்ந்தே இருந்தார்கள்.

திரும்பி வரும்போது பேருந்தில் ஒரு மாணவன் கேட்டான்: "சார், நான் எதுக்கு சார் வந்தேன்?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. "அடுத்த வருஷம் பாக்கலாம்டா" என்றேன். அடுத்த ஆண்டு அவன் பெயரே கொடுக்கவில்லை.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கூடைப்பந்து பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கினேன். அப்போதுதான் ஸ்டீவ் கெர் என்ற அமெரிக்கரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். இன்று அவரைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

கெர் 1965இல் லெபனான் நாட்டின் பெய்ரூட்டில் பிறந்தவர். தந்தை மால்கம் கெர் பேராசிரியர். பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தபோது, 1984 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். மகனுக்கு அப்போது வயது 18. அரிசோனா பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்.

ஆட்டக்காரராகக் கெர் பெரிய வேகக்காரர் அல்லர். மற்றவர்களைப்போல உயரத் தாவவும் அவரால் முடியாது. 1988இல் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பான என்.பி.ஏ. புதிய வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, 50ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். ஃபீனிக்ஸ், கிளீவ்லாந்து, ஆர்லாண்டோ, சிகாகோ, சான் அன்டோனியோ, போர்ட்லாந்து என்று ஆறு அணிகள். பிறகு மீண்டும் சான் அன்டோனியோ. பணிமாறுதல் ஆணையோடு ஊர் ஊராகப் போன நமக்கு அந்த வாழ்க்கை புரியும்.

15 பருவங்களில் அவர் ஆடியவை 910 ஆட்டங்கள். அவற்றில் தொடக்கத்திலேயே களம் இறங்கும் ஐவரில் ஒருவராக இருந்தது 30 ஆட்டங்களில் மட்டும். மற்ற 880 ஆட்டங்களிலும் பெஞ்சில் உட்கார்ந்து, கூப்பிட்டபோது எழுந்து போனவர்.

அவரிடம் இருந்த திறமை ஒன்றே ஒன்று. தொலைவிலிருந்து எறிந்து கூடையில் விழுந்தால் 3 புள்ளி. அந்த எறிதலில் அவர் நூற்றுக்கு 45 முறைக்கு மேல் கூடையில் போட்டிருக்கிறார். என்.பி.ஏ. வரலாற்றில் முழு ஆட்ட வாழ்க்கைக்கும் சேர்த்துக் கணக்கிட்டால், இதுவே மிக உயர்ந்த விகிதம்.

இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, 1997 ஜூன் 13. சிகாகோவில் இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். சிகாகோ புல்ஸ், யூட்டா ஜாஸ் அணிகள் 86–86 என்று சமநிலையில் இருந்தன. கடைசி நொடிகள். புல்ஸ் அணியில் மைக்கேல் ஜோர்டான் இருக்கிறார். பந்து அவரிடம்தான் போகும் என்று அரங்கம் முழுவதற்கும் தெரியும். டைம் அவுட்டில் ஜோர்டான் கெரிடம், எதிரணியின் ஸ்டாக்டன் உன்னை விட்டுவிட்டு என்னை மறிக்க வருவார் என்றார். தயாராக இருப்பேன் என்றார் கெர். அப்படியே நடந்தது. பந்து கெருக்கு வந்தது. அவர் எறிந்தார், விழுந்தது. 90–86 என்ற கணக்கில் வென்று புல்ஸ் கோப்பையைப் பெற்றது. இதே ஜோர்டான் 1995இல் பயிற்சியின்போது வாக்குவாதம் முற்றிக் கெரின் முகத்தில் குத்தியவர். அன்றே தொலைபேசியில் மன்னிப்பும் கேட்டார். அவர்களுக்குள் நம்பிக்கை வளர்ந்தது அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, 2003 மே 29. டல்லஸ் நகரில் அரையிறுதி போன்ற முக்கியமான ஆட்டம். கெர் அப்போது சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியில் இருந்தார். வயது 37. அந்தத் தொடர் முழுவதும் அவர் களத்தில் நின்றது மிகச் சில நிமிடங்களே. அணி பின்தங்கியிருந்த வேளையில் அவரை இறக்கினார்கள். நான்கு முறை 3 புள்ளி எறிதல், நான்கும் கூடையில். அணி வென்றது. அந்த ஆண்டு கோப்பையும் ஸ்பர்ஸுக்கே. ஆட்டக்காரராகக் கெர் பெற்ற ஐந்தாவது கோப்பை அது. அதோடு ஓய்வு பெற்றார்.

வாரக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர் அந்த ஒரு நாளுக்குத் தயாராக இருக்க வேண்டுமானால் அவருக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். தான் எதற்காக அந்த அணியில் இருக்கிறோம் என்பதுதான் அது. கெருக்கு அதைத் தெளிவாக உணர்த்திய இரண்டு பயிற்சியாளர்கள் சிகாகோவின் ஃபில் ஜாக்சனும் சான் அன்டோனியோவின் கிரெக் பாப்போவிச்சும். ஜாக்சன் தானும் பெஞ்சிலிருந்து எழுந்து ஆடிய வீரர்தான். பாப்போவிச் என்.பி.ஏ.வில் ஆடியதே இல்லை.

2014இல் கெர் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் பயிற்சியாளரானார். அதற்கு முன் எந்த அணிக்கும் அவர் பயிற்சி கொடுத்ததில்லை. முதல் ஆண்டே அணி கோப்பையை வென்றது. ஸ்டீபன் கரி போன்ற அபூர்வமான ஆட்டக்காரர்கள் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கெர் செய்த மூன்று காரியங்கள் ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டியவை.

ஒன்று, ஆண்ட்ரே இக்வதாலா. அதுவரை 758 ஆட்டங்கள் ஆடியவர். அத்தனையிலும் தொடக்க ஐவரில் ஒருவர். அவரை இனி பெஞ்சிலிருந்து இறங்கச் சொன்னார் கெர். 880 முறை அங்கே உட்கார்ந்தவர் சொன்னதால்தான் அந்தச் சொல்லுக்கு எடை இருந்தது என்று நான் நினைக்கிறேன். இக்வதாலா ஏற்றுக்கொண்டார்.

இரண்டு, அதே ஆண்டின் இறுதித் தொடரில் வாரியர்ஸ் 1–2 என்று பின்தங்கியது. நிக் யூரென் என்ற 28 வயது உதவியாளர், ஆட்டப் பதிவுகளை ஆராய்ந்து ஒரு யோசனை சொன்னார். உயரமான வீரரை வெளியே வைத்து, இக்வதாலாவைத் தொடக்கத்திலேயே இறக்கலாம் என்பது அந்த யோசனை. கெர் அப்படியே செய்தார். அடுத்த மூன்று ஆட்டங்களும் வெற்றி. தொடரின் சிறந்த வீரர் விருது இக்வதாலாவுக்கு. யோசனை யாருடையது என்று செய்தியாளர்களிடம் பெயர் சொல்லிப் பாராட்டினார் கெர். நம் கூட்டங்களில் இளைய ஆசிரியர் சொன்ன யோசனை, மேலே போகும்போது யார் பெயரில் போகிறது என்று நினைத்துப் பார்க்கலாம்.

மூன்று, 2018 பிப்ரவரி 12. ஃபீனிக்ஸ் அணியுடன் ஆட்டம். வாரியர்ஸ் வீரர்கள் சில வாரங்களாகச் சோர்வாக இருந்தார்கள். என் குரலைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்கு அலுத்துவிட்டது என்று கெர் உணர்ந்தார். அன்று டைம் அவுட்டில் வெள்ளைப் பலகையை வீரர்களிடமே கொடுத்துவிட்டார். இக்வதாலா, டிரேமண்ட் கிரீன், டேவிட் வெஸ்ட் ஆகியோர் முறைவைத்துத் திட்டம் வரைந்தார்கள். 129–83 என்று வென்றார்கள். எதிரணியை மதிக்காத செயல் என்று சிலர் குறை கூறினார்கள். அப்படியொரு எண்ணம் இல்லை, அணி அவர்களுடையது என்பதற்காகவே செய்தேன் என்று கெர் விளக்கினார்.

இதையெல்லாம் செய்தால் எப்போதும் வெற்றிதான் என்று நான் சொல்லவில்லை. 2016இல் பருவ ஆட்டங்களில் 73 வெற்றி என்ற சாதனை படைத்த அதே அணி, இறுதித் தொடரில் 3–1 என்று முன்னிலையில் இருந்தும் தோற்றது. 2019–20 பருவத்தில் 15 வெற்றி, 50 தோல்வி. அணிகளிலேயே கடைசி இடம். 2022இல் மறுபடியும் கோப்பை. இடையில் பயிற்சியாளர் மாறவில்லை.

நண்பர்களே, நம்மில் பலர் வகுப்பில் முதல் மாணவராக இருந்தவர்கள் அல்லர். நானும் அல்லேன். ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதம் எனக்கு மூன்று மாதம் புரியவில்லை. புரியாமல் உட்கார்ந்திருந்த அந்த நாட்களை மறைக்க வேண்டிய குறையாக நினைத்திருந்தேன். கெரைப் பற்றிப் படித்த பிறகு, எனக்கு இருக்கும் நல்ல கருவி அதுதான் என்று தோன்றுகிறது. எந்த வரியில் மாணவனின் கண் இருண்டுபோகும் என்று எனக்குத் தெரியும். நானும் அந்த வரியில் நின்றவன்.

இப்போது இரண்டு காரியங்கள் செய்கிறேன். வாரத்தில் ஒரு பாடவேளை சாக்பீஸ் மாணவர்களிடம். முதலில் அழைப்பது நன்றாகப் போடுபவர்களை அல்ல. சென்ற வாரம் தவறாகப் போட்டு, பிறகு திருத்திக்கொண்டவர்களை. அடுத்து, எந்தப் போட்டிக்கு அழைத்துச் சென்றாலும் கிளம்பும் முன்பே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிவிடுகிறேன், உன்னை எதற்காக அழைத்துப்போகிறேன் என்று. சொல்வதற்கு எனக்கே காரணம் தெரியவில்லை என்றால், தவறு அந்தப் பிள்ளையுடையது அல்ல. அவனை நான் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்று பொருள்.

பேருந்தில் கேட்ட அந்த மாணவன் பள்ளியை முடித்துப் போய்விட்டான். சென்ற பொங்கலின்போது கடைவீதியில் பார்த்தேன். "நீ அன்னிக்குக் கேட்டதுக்கு நான் பதில் சொல்லலடா" என்றேன். அவனுக்கு நினைவில்லை. "என்ன சார் கேட்டேன்?" என்றான்.

எனக்கு நினைவிருக்கிறது. அது போதும்.