மெய்ப்பொருள் நாயனார் கண்ட வெற்றி



கோபுரக் கலசங்களுக்கு நன்னீராட்டும் நாளில் நாட்டுக்கும் ஆள்வோர்க்கும் நலம் வேண்டி வழிபடுவது தொன்றுதொட்டு வரும் வழக்கம். உலகனைத்தையும் ஆள்பவன் ஒருவனே. முடிமன்னரும், அவர் காலம் போனபின் வந்த ஆட்சியாளரும் அவன் ஒப்படைத்ததைச் சிலகாலம் காத்து நிற்பவரே என்னும் துணிவு அவ்வழிபாட்டினுள் அடங்கியிருக்கிறது. நல்ல காலத்தில் அத்துணிவு யார்க்கும் எளிது. பகைவன் கத்தியோடு படுக்கையறையினுள் புகுந்த இரவிலும் அது குலையாதிருந்த அரசர் ஒருவரைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்திலே காட்டுகிறார்.

அவரே மெய்ப்பொருள் நாயனார். தென்பெண்ணை பாயும் திருக்கோவலூரிலிருந்து சேதிநாட்டை ஆண்ட மலையமான் குலத்தோன்றல். (முதலாம் இராசராசனை ஈன்ற வானவன்மாதேவியார் பிறந்ததும் மலையமான் மரபிலேயே.) நாயனாரைப் போரில் வெல்ல விரும்பிய முத்தநாதன் என்னும் அரசன், யானையும் குதிரையும் காலாளும் பன்முறை இழந்து தோற்றான். வாளால் ஆகாததை வேடத்தால் முடிக்கத் துணிந்தான். மேனியெங்கும் திருநீறு பூசினான், சடை முடித்தான், சுவடிக் கட்டொன்றைக் கையில் எடுத்தான். அக்கட்டினுள் இருந்தது ஏடன்று, படைக்கலம்.

இருளில் ஊர்புகுந்த அவனை வாயில் காவலர் அடியார் என்றே வழிவிட்டனர். கடைவாயில் காத்த தத்தன் மட்டும், “அரசர் துயில்கிறார், சமயமறிந்து செல்லுதல் தகும்” என்று தடுத்துப் பார்த்தான். ஆகமம் உரைக்க வந்ததாகச் சொல்லி அவன் உள்ளே நுழைந்தான். அரசியார் கணவரை எழுப்பினார். எங்கும் கிடையாத ஆகமம், தனியிடத்திலேயே உரைக்கத்தக்கது என்றான், அரசியாரும் அகன்றார். வந்தவனை மேலிடத்தில் இருத்தி, அரசர் தரையில் அமர்ந்து கைகூப்பி வணங்கினார். அந்தக் கணத்திலேயே அவன் தான் நினைந்து வந்ததைச் செய்துவிட்டான்.

இவ்விடத்தில் சேக்கிழார் ஆளும் சொல் வியப்புக்குரியது. குத்தியவன் வென்றான் என்று அவர் பாடவில்லை. குருதி சோரக் கிடந்தவரை ‘வென்றார்’ என்கிறார்.

எப்படி வெற்றியாகும்? வேடத்தை நம்பி ஏமாந்தவர்தாமே என்று கேட்பாருண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் ஏமாற்றம் கத்தி பாய்ந்தவுடன் முடிந்துவிட்டது. வந்தவன் யார், எதற்கு வந்தான் என்பது அதன்பின் ஐயமற விளங்கியது. விளங்கிய பின்னரே அரசரின் செயல் தொடங்குகிறது. இதிலேயே எண்ணம் வைத்திருந்த தத்தன் உருவிய வாளோடு ஓடிவந்தான். வீழ்கின்ற அரசர் கைநீட்டித் தடுத்து, ‘இவர் நம்மவர்’ என்றார். அத்துடன் விடவில்லை. யாரும் இடையூறு செய்யாதபடி அழைத்துப் போய் விட்டுவா என்றும் பணித்தார்.

நாடாள்பவர் இவ்வாறு இருக்கலாமா என்பது அடுத்த வினா. முத்தநாதன் படைதிரட்டி வந்தபோதெல்லாம் களத்தில் எதிர்நின்று நாட்டைக் காத்தவர் இவரே என்பதை மறத்தலாகாது. காத்தல் தம் கடமையென்று செய்தார். பழி தீர்த்தலைத் தமதென்று கொள்ளவில்லை. இறுதியில் அரசுரிமையினரையும் அமைச்சரையும் அழைத்தபோது அவர் கேட்டுக்கொண்டது பகைநாட்டின் மேல் படையெடுப்பு அன்று. திருநீற்றின் மேல் வைத்த அன்பு குறையாமல் பாதுகாக்க வேண்டும் என்பதே. அரசன் கொலையுண்டால் அண்டைநாடு எரிவது வரலாற்றில் காணாத ஒன்றா?

திருக்கோவலூர் அட்டவீரட்டத்துள் ஒன்று; இறைவன் அந்தகாசுரனை அடக்கிய தலம். அந்தகனும் முடிவில் சிவகணத்துள் ஏற்கப்பட்டான் என்பர். மற்றொரு வீரட்டம் முப்புரம் எரித்த திருவதிகை. அங்கே தொண்டு பூண்ட திருநாவுக்கரசரைப் பல்லவ மன்னன் அழைத்தபோது, தாம் சிவபெருமானுக்கன்றி வேறெவர்க்கும் ஆட்பட்டவரல்லர் என்றார் அப்பெருமான். அதன் பயனாக ஏழுநாள் நீற்றறையிலும், பின்னர் நஞ்சிலும், யானையின் முன்னும், கல்லோடு கடலிலும் இடப்பட்டார். மன்னன் அழிக என்று அவர் வேண்டவில்லை. அம்மன்னனே பின்னர்ச் சைவம் சார்ந்து திருவதிகையிலே குணபரவீச்சரம் எடுத்தான். அசுரரை அழித்த இறைவனின் தலங்கள் இரண்டிலும் அடியார் கையில் படையில்லை. ஒறுத்தலும் அருளலும் ஆள்பவன் தொழில் என்று விட்டுவிட்டனர்.

நிற்க. தத்தனைப் பற்றி மேடைகளில் அதிகம் பேசுவதில்லை. அறுபத்துமூவர் வரிசையில் அவன் பெயர் இல்லை. அரசருக்கு அந்த அன்பு இயல்பாய் வந்தது. தத்தனுக்கோ ஆணையாக வந்தது. தன் தலைவனைக் கொன்றவனைத் தன் கையாலேயே காக்க வேண்டும். செய்தி பரவி, நகரமாந்தர் கொதித்துச் சூழ்ந்தனர். அவர்கள் நெஞ்சில் இருந்த சினம் அவன் நெஞ்சிலும் இருந்திருக்கும். கையில் வாளும் இருந்தது. அரசர் ஆணையைச் சொல்லி ஒவ்வொரு கூட்டமாக விலக்கினான். ஊரெல்லை கடந்து, மக்கள் சேராத காட்டிலே அவனை விட்டான்.

அதுவரை அரண்மனையில் ஓர் உயிர் நீங்காமல் காத்திருந்தது. தத்தன் திரும்பிவந்து, “தவவேடம் பூண்டவர்க்கு இடையூறின்றி விட்டு வந்தேன்” என்று தெரிவித்தான். “இன்று எனக்கு நீ செய்ததை வேறு யார் செய்யவல்லார்?” என்றார் அரசர்.